நெலம் எங்கியும் போவாது: ‘மாயம்’ என்ற சொல்லைப் பற்றி

1980களின் கடைசியில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் ஒரே சொல்லைக் கேட்டேன்.

முதல் இடம் தாலுகா அலுவலகம். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் சேரி. ஆயாவின் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம் உண்டு என்று வீட்டில் பேச்சு. பேச்சு மட்டும்தான். நான் பார்த்த நாளிலிருந்து அதில் பயிர் வைத்தவர் ஊர்க்காரர் ஒருவர். அந்த நிலத்திலேயே என் அப்பாவும் ஆயாவும் கூலிக்கு நடவு நட்டிருக்கிறார்கள், அறுத்திருக்கிறார்கள். படிச்ச பையன் வந்துட்டான் என்கிற தைரியத்தில், மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் போனோம். அங்கிருந்தவர் காகிதத்தைத் தொடாமலே பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த நம்பர்ல உங்க பேரே இல்லியேப்பா. பழைய ரெஜிஸ்டரப் பாக்கணும்னா, அது எப்பவோ மாயமாயிடுச்சி.”

இரண்டாவது இடம் கல்லூரி வகுப்பறை. நல்ல ஆசிரியர், மனதாரப் பாடம் நடத்துபவர். அன்றைக்கு அத்வைதம். இருட்டில் கிடக்கிற கயிறு பாம்பாகத் தெரிகிறது, விளக்கு வந்தால் பாம்பு இல்லை, கயிறுதான் உண்டு, அதுபோல இந்த உலகமும் மாயை என்றார். ஒரு மாணவர் எழுந்து, “அப்ப சாதி, சார்?” என்று கேட்டார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “அதுவும் மாயைதான்ப்பா” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். “ஆயா, பழைய ரெஜிஸ்டரு மாயமாயிடுச்சாம். நெலமும் அப்படித்தான் மாயமாப் போச்சு போல.” ஆயா முறத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னாடா மாயம்? கோழிக்குஞ்சு கூட மாயமாப் போவாது. பருந்துதான் தூக்கினு போவும். நெலம் எங்கியும் போவாது. அங்கியேதான் கீது. நேத்து கூட அதுல களை எடுத்துட்டு வந்தேன். மேல இருக்கறவன்தான் மாறிட்டான்.”

எழுதப் படிக்கத் தெரியாதவள் என் ஆயா. ஆனால் என் ஆசிரியர் விடைசொல்லாமல் விட்ட ஒரு கேள்வியை அவள் சரியாகப் பிடித்திருந்தாள். ஒன்று இல்லாமல் போகிறது என்றால், இல்லாமல் ஆக்கியவன் யார்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. உண்மையில்லாததைக் குறிக்க நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று பொய், இன்னொன்று மாயை அல்லது மாயம். இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல நாம் பேசுகிறோம், எழுதுகிறோம். ஆனால் பொய்க்கு ஒரு வாய் வேண்டும். யாராவது சொன்னால்தான் பொய். மாயத்துக்கு யாரும் வேண்டாம். அது தானே நடந்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்தில் நம் மக்களின் வாழ்க்கை எவ்வளவோ புதைந்து கிடக்கிறது.

தமிழில் ‘மாய்’ என்கிற வினை பழையது. மாய்தல் என்றால் மறைதல், சாதல். மாய்த்தல் என்றால் மறைத்தல், கொல்லுதல். ஒன்று தன்வினை, மற்றொன்று பிறவினை. ‘மாய்ந்தது’ என்றால் அதுவாகவே போனது. ‘மாய்த்தான்’ என்றால் ஒருத்தன் செய்தான். சமஸ்கிருத மாயையும் தமிழ் மாய்தலும் ஒரே வேரா, வேறு வேறா என்று பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது வேறு. நம் விஷயத்தில் மட்டும் பிறவினை எல்லாம் எப்படித் தன்வினையாகவே எழுதப்படுகிறது என்பதுதான்.

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் (பொறுப்பு) டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததே இவர்களை அடிமைகளாக வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அதையொட்டி 1892இல் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க ஆணை போட்டது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு இதை விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மற்றவர் வாங்கினால் அது செல்லாது. அப்படி ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

அந்த நிலம் எங்கே? ஆயா சொன்னதுதான். அங்கியேதான் கீது. அதன்மேல் செங்கல் சூளை இருக்கிறது, வீட்டுமனை இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது. அஞ்சு மரக்கால் நெல்லுக்கும் கல்யாணக் கடனுக்கும் கைநாட்டு வாங்கியவன் இருக்கிறான். பெயரை மாற்றி எழுதிக்கொடுத்த கர்ணம் இருந்தான். 1980இல் கர்ணம் பதவி ஒழிந்த பிறகும், புதிய பதிவேடுகளில் பழைய தவறு அப்படியே நகல் எடுக்கப்பட்டது. இத்தனை பேர் கை வைத்து, இத்தனை மை செலவழித்து நடந்த ஒரு வேலைக்கு ‘பஞ்சமி நிலம் மாயம்’ என்று பத்திரிகை தலைப்புப் போடுகிறது. அதையே நாமும் துண்டறிக்கையில் அச்சடிக்கிறோம். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள்மேல் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். மாயமான ஒன்றைக் கேட்டவனைச் சுட நிஜமான துப்பாக்கி தேவைப்பட்டது.

பத்திரிகையில் இன்னொரு ‘மாயம்’ உண்டு. ‘கல்லூரி மாணவி மாயம்.’ ‘இளம்பெண் திடீர் மாயம்.’ வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறோம். உள்ளே படித்தால் பல நேரம் விஷயம் இதுதான்: அந்தப் பெண் தனக்குப் பிடித்தவனோடு, வேறு சாதிக்காரனோடு, தானே முடிவெடுத்துப் போயிருக்கிறாள். அவள் போனாள். தன் காலால் நடந்து போனாள். அதை ‘மாயம்’ என்று எழுதும்போது, அவள் செய்த காரியம் அவளிடமிருந்து பிடுங்கப்படுகிறது. நிலத்தைப் பிடுங்கியவனை மறைக்க வந்த சொல், இங்கே ஒரு பெண்ணின் விருப்பத்தை மறைக்க வருகிறது. சித்தர் பாடல்களிலிருந்து சினிமாப் பாட்டு வரை பெண்ணையே மாயை என்றும் மாயக்காரி என்றும் பழித்துவந்த மொழிக்கு இது ஒன்றும் புதிதல்ல.

ஆண்கள் விஷயத்திலும் அது வேலை செய்கிறது. 2015 ஜூன் மாதம் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதித் தோழியோடு திருச்செங்கோட்டுக் கோயிலுக்குப் போனார். முதல் நாள் அவர் ‘காணவில்லை’. மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பிறகு ‘சந்தேக மரணம்’. கொலை என்ற சொல்லுக்கு வந்து சேர எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை அவர் தாயிடம்தான் கேட்க வேண்டும். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தன்வினையைப் பிறவினையாக மாற்ற ஒரு குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட ஏழு ஆண்டு ஆகியிருக்கிறது.

இனி தத்துவத்துக்கு வருவோம். தத்துவம் நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் வேதாந்தம் படித்தவர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் ‘அதுவாகவே போயிற்று’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கிற மனசுக்கு ஒரு நீண்ட பயிற்சி இருக்கிறது.

சங்கரர் உலகத்தை இரண்டு தளத்தில் வைத்தார். பரமார்த்தத்தில் பிரம்மம் ஒன்றே உண்மை. வியவகாரத்தில், அதாவது நடப்பு வாழ்க்கையில், எல்லாம் இருந்தபடியே இருக்கும். இந்த ஏற்பாட்டின் சௌகரியத்தைப் பாருங்கள். மேல்தளத்தில் சாதி கிடையாது, அதனால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கீழ்த்தளத்தில் சாதி உண்டு, அதனால் யாரும் எதையும் மாற்ற வேண்டாம். பிரம்மசூத்திர உரையில், சூத்திரனுக்கு வேதம் கற்க உரிமை உண்டா என்ற கேள்வி வரும் இடத்தில் அவர் இல்லை என்கிறார். இதிகாச புராணம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் கொடுக்கிறார். வேதத்தைக் கேட்டவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதி வாக்கியத்தை ஆதாரமாகக் காட்டுகிறார். உலகமே மாயை என்றவருக்கு அந்தக் காது மாயையாகத் தெரியவில்லை. ஈயமும் மாயையாகத் தெரியவில்லை.

சங்கரரைப் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள். அதை முற்போக்கானது என்று நம்மிடமே எடுத்துக்காட்டுவார்கள். காசியில் எதிரே வந்த சண்டாளனை அவர் ‘விலகு’ என்றாராம். ‘எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா, ஆத்மாவையா?’ என்று சண்டாளன் கேட்டானாம். சங்கரர் தலைவணங்கி ஐந்து சுலோகம் பாடினாராம். நல்ல கேள்விதான். ஆனால் கதையின் முடிவு என்ன? வந்தவன் சண்டாளனே இல்லை, சிவபெருமான். அதாவது அப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற அறிவு ஒரு சண்டாளனுக்கு இருக்க முடியும் என்பதைக் கதையால் தாங்க முடியவில்லை. கேள்வி நின்றது, கேட்டவன் மாயம். மறுநாள் காலை அதே தெருவில் வந்த நிஜச் சண்டாளனுக்கு யார் வழிவிட்டார்கள் என்று எந்தச் சுலோகமும் சொல்லவில்லை.

சைவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்யல்ல, உள்பொருள். உலகம் நிஜம்தான் என்பார்கள். சரி. அவர்கள் பெரியபுராணத்தில் எங்கள் நந்தன் என்ன ஆனான்? ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து தில்லைக்குப் போனவன் தீயில் இறங்கினான். பூணூலும் சடைமுடியுமாய் முனிவனாக எழுந்தான். கோயிலுக்குள் போனான். பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை. பறையன் உடம்போடு உள்ளே போக முடியவில்லை, பூணூல் உடம்போடு வெளியே வரவும் இல்லை. இரண்டு உடம்பும் மாயம். தீ மூட்டியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் யாரும் எதுவும் செய்ததாகக் கதையில் இல்லை. எல்லாம் ஆண்டவன் கட்டளை. ஒரு எஃப்.ஐ.ஆரைப் போல இதைப் படித்துப் பாருங்கள் என்று நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வெளியேறியவர் நம்மில் ஒருவர் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தியவர். அத்வைதத்தை வெளியிலிருந்து திட்டியவர் அல்ல, உள்ளே இருந்து பார்த்தவர். 1898இல் பௌத்தத்துக்கு வந்து சேர்ந்தார். 1907இல் தொடங்கிய தன் பத்திரிகையில் ‘யதார்த்த பிராமணர்’, ‘வேஷ பிராமணர்’ என்று பிரித்துப் பேசினார். அவருடைய வரலாற்று முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லின் கூர்மையைப் பாருங்கள். மாயை என்று அவர் சொல்லவில்லை, வேஷம் என்றார். வேஷம் என்றால் போட்டவன் ஒருத்தன் இருக்கிறான். எதற்காகப் போட்டான் என்று கேட்கலாம். கலைக்கவும் செய்யலாம்.

இப்போது ஒரு கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நம் தோழர்களே சிலர் சொல்கிறார்கள்: “சாதி என்பதே ஒரு கற்பனை. ரத்தத்திலே சாதி கிடையாது, எலும்பிலே கிடையாது. அப்புறம் அதை மாயை என்று சொன்னால் என்ன தப்பு?” அம்பேத்கரும் 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் சாதி செங்கல் சுவரைப் போன்ற பருப்பொருள் அல்ல, அது மனதில் உள்ள ஒரு எண்ணம் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறாரே என்று கேட்கிறார்கள்.

சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. அந்த எண்ணத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது எது என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். சாஸ்திரம் என்று பதிலும் சொன்னார். சொன்ன வாயைக் காட்டினார். அப்படியானால் அவர் சாதியை மாயை என்று சொல்லவில்லை, பொய் என்று சொல்கிறார். பொய் மனசில்தான் இருக்கும். ஆனால் மனசோடு நிற்காது. போய்ச் சுவர் கட்டும். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு தலித் மக்களைப் பிரித்து நிஜமான சுவரே எழுப்பினார்கள். அதன்மேல் மின்கம்பியும் இழுத்தார்கள். போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். ‘மழையால் சுவர் இடிந்து விபத்து’ என்று செய்தி வந்தது. மழை பெய்தது, சுவர் விழுந்தது. பாருங்கள், மறுபடியும் தன்வினை.

அதனால் நான் சொல்வது இது. பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்பது பொய். அந்தப் பொய்யால் ஆன வாழ்க்கை நிஜம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாயை என்கிற சொல் இரண்டையும் அழித்துவிடுகிறது. பொய் சொன்னவனையும் காப்பாற்றுகிறது, அடிபட்டவன் வலியையும் இல்லை என்கிறது. “இப்பல்லாம் யாருங்க சாதி பாக்கறாங்க?” என்று கேட்கிறவர்கள் வேதாந்தம் படிக்காமலே வேதாந்தம் பேசுகிறார்கள். அவர்கள் பாம்பைக் கயிறு என்கிறார்கள். கடிபட்டவன் யாரென்று மட்டும் கேட்பதில்லை.

பொய் என்ற சொல்லையும் அவர்கள் நம்மிடம் விடவில்லை என்பது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால் ‘பொய் வழக்கு’ என்கிறார்கள். விசாரித்துவிட்டு ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து செத்தார்கள். 1973இல் உயர் நீதிமன்றம், வசதி படைத்த நிலச்சுவான்தார்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற வகையில் பேசி விடுதலை செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி அதன் பல்லைப் பிடுங்கியது. தெருவில் இறங்கிப் போராடினோம், உயிர்கள் போயின. அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. இந்த மக்களைப் பொய்ப் புகார் கொடுப்பவர்கள் என்று மொத்தமாகக் கருதுவது மனித சமத்துவத்துக்கே விரோதம் என்றும் சொன்னது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. பொய் என்று சொன்னவனோடு வாதாட முடிந்தது. ஆதாரம் எங்கே என்று கேட்க முடிந்தது. மாயை என்பவனோடு என்ன வாதம் செய்வது?

இவ்வளவும் மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். கடைசியாக என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் நிலத்துக்காக நான் ஒரு மனு எழுதினேன். நல்ல தமிழ், பிழையில்லாமல் எழுதினேன். ‘மேற்படி நிலம் காலப்போக்கில் எங்கள் அனுபவத்திலிருந்து விலகிவிட்டது’ என்று எழுதினேன். யார் எடுத்தது என்று எழுதவில்லை. பெயர் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: “பேரு போடாதடா. நாளைக்கு அவங்க கழனிலதான் நடவு.”

நான் போடவில்லை. விலகிவிட்டது என்கிற அந்தச் சொல், தாலுகா அலுவலகத்துக்காரர் சொன்ன ‘மாயம்’தான். அவர் மறைப்பதற்காகச் சொன்னார், நாங்கள் பயத்தில் எழுதினோம். மனு எங்கே போனது என்று தெரியவில்லை. போயிருந்தாலும் என்ன கேட்டிருக்கும்? எடுத்தவன் பெயர் இல்லாத மனுவுக்கு யாரை விசாரிப்பார்கள்?

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அடுத்த நாள் கூலி யாரிடம் இருக்கிறதோ, அவன் பெயரை எழுதுவதற்கு எழுத்தறிவு மட்டும் போதாது. அதனால்தான் நிலத்தைப் பற்றிய நம் கோரிக்கை, கூலியைப் பற்றியதும் கூட. ஆனால் என் நிலைமை அப்பாவின் நிலைமை அல்ல. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, நகரத்தில் வீடு இருக்கிறது. இதை வாசிக்கிற பலருக்கும் அப்படித்தான். அப்படியிருந்தும் நம் கவிதைகளில், அறிக்கைகளில், ஆய்வேடுகளில் எத்தனை ‘ஒடுக்கப்பட்டார்கள்’, ‘மறுக்கப்பட்டது’, ‘பறிபோனது’? யார் ஒடுக்கினார்கள், யார் மறுத்தார்கள், யார் பறித்தார்கள் என்ற இடத்தில் நாமும் வெள்ளைக் காகிதத்தை விட்டுவிட்டுப் போகிறோம்.

ஆயா செத்து வருஷங்கள் ஆகின்றன. அந்த ஒன்றேகால் ஏக்கரில் இன்று மனைப்பிரிவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். அவள் சொன்னபடி நிலம் எங்கும் போகவில்லை. கற்களை யார் நட்டார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்று இந்த முறை விசாரித்து, சர்வே எண்ணோடு குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். புது மனு எழுதப் போகிறேன். அதில் பெயர் இருக்கும்.